அக்காவைக் கூட்டிவரப் போன கதை

அன்புள்ள மணி,

இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். உன் சர்க்கரை அளவைத் தங்கச்சி என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டாள், அதனால் நீ அதைப்பற்றிப் பொய் சொல்லச் சிரமப்பட வேண்டாம். இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று ஆரம்பிக்காதே, நீயும்தான் எழுதவில்லை. தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்புவது கணக்கில் சேராது.

விஷயம் அக்காவைப் பற்றியது. வாட்ஸ்அப்பில் சொல்லி மாளாது, அந்தக் குழுவில் அண்ணனும் இருக்கிறான்.

அத்தான் தவறியபிறகு அமெரிக்காவில் ரீனோ நகரத்து வீட்டை அக்கா விற்றது உனக்குத் தெரியும். ஓய்வுக்காலத்துக்கென்று அத்தான் வாங்கிவைத்த ஆர்.வி.யில் நாயையும் பூனையையும் ஏற்றிக்கொண்டு அவள் இடம் இடமாகப் போய்த் தங்குகிறாள் என்பது தெரிந்திருக்காது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வண்டி. 68 வயதில்! அண்ணன் வீட்டில் கூட்டம் போட்டார்கள். வாத்தியாரும் வந்திருந்தார், கேட்க வேண்டுமா? நான் போய் அவளைக் கையோடு கூட்டிவர வேண்டும் என்று முடிவாயிற்று. வேலையில்லாதவன், அக்காவிடம் திட்டு வாங்கிப் பழகியவன், வேறு யாரை அனுப்புவார்கள்.

ஏப்ரலில் போனேன். அப்போது அவள் அதே நெவாடா மாநிலத்தில் பிரமிட் ஏரிக்கரையில் இருந்தாள். ரீனோவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பாதி வழியிலிருந்தே போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது. ஏரி மட்டுமே சிங்கப்பூரில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும், சுற்றிலும் பாலைவன மலை, நிழலுக்கு மரமில்லை. தாஹோ ஏரியிலிருந்து வரும் ட்ரக்கி ஆறு அதில் வந்து விழுகிறது. வெளியே போக வழியில்லாததால் தண்ணீர் உப்பு. 1905-இல் டெர்பி அணை கட்டி ஆற்று நீரை வயலுக்குத் திருப்பினார்கள். ஏரி இறங்கிப்போய், 1925-இல் 41 பவுண்டு எடையில் ஒன்று பிடிபட்ட அந்த ட்ரவுட் மீன் அடுத்த இருபது வருடத்தில் அங்கே அடியோடு இல்லாமல் போனது. அப்புறம் அதே வம்சம் எங்கோ ஒரு மலையோடையில் பிழைத்திருந்ததைக் கண்டுபிடித்து, வளர்த்து, 2006 முதல் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதைப் பிடிக்க வருகிறவர்களை நீ பார்க்க வேண்டும். வீட்டில் பல்பு மாட்டுகிற ஏணியைத் தண்ணீருக்குள் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, விடியற்காலைக் குளிரில் தூண்டில் வீசுகிறார்கள். இங்கே பிடாக் நீர்த்தேக்கத்தில் யாராவது அப்படிச் செய்தால் ஐந்து நிமிடத்தில் ஆள் வந்துவிடும்.

ஏரி பையூட் பழங்குடியினருக்குச் சொந்தம். அவர்களிடம் அனுமதிச்சீட்டு வாங்கிக் கரையில் வண்டியை நிறுத்தலாம். சில பக்கங்களுக்கு வெளியாட்கள் போகக் கூடாது. மணல் சில இடங்களில் மாவு, சக்கரம் இறங்கினால் எழாது. அக்கா இறங்கி நடந்து, காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுகிறாள். கரண்ட், குழாய், சாக்கடை எதுவும் கிடையாது. பூண்டாக்கிங் என்கிறார்கள். கூரையில் சோலார் பலகை, கட்டிலுக்குக் கீழே பாட்டரி, குடிக்கவும் குளிக்கவும் 200 லிட்டர் தொட்டி. நாங்கள் இங்கே சிங்கப்பூரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 140 லிட்டர் செலவழிக்கிறோம், அவள் அந்தத் தொட்டியை வைத்துப் பத்து நாள் ஓட்டுகிறாள். அதில் முதல் பங்கு நாய்க்கு, அடுத்தது பூனைக்கு. நான் பல் துலக்கும்போது குழாயைத் திறந்து வைத்ததற்கு வாங்கிய திட்டு இருக்கிறதே, ஊரில் அம்மாவிடம்கூட அப்படி வாங்கியதில்லை.

நாயின் பெயர் ராஜா. ஷெப்பர்டும் வேறு என்னென்னவோவும் கலந்த 35 கிலோ. பூனை மிளகு, கழுத்திலும் இடுப்பிலும் வார் கட்டி அக்காவோடு நடைபோகிறது, நம்பு. இருட்டியதும் இரண்டும் உள்ளே, ஏனென்றால் கொயோட்டி என்ற நரிக் கூட்டம் பக்கத்திலேயே ஊளையிடும். அங்கே தரையில் என்ன முளைத்திருக்கிறது தெரியுமா? நெருஞ்சி. உன் பாட்டி கல்லடைப்புக்குக் கஷாயம் வைப்பாளே, அதே நெருஞ்சிதான். எப்படியோ அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே நாய்க் காலையும் சைக்கிள் டயரையும் பதம் பார்க்கிறது. அக்கா தினமும் சாயங்காலம் ராஜாவின் நாலு பாதத்தையும் மடியில் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முள் எடுக்கிறாள். எடுத்துக்கொண்டே உன்னை விசாரித்தாள். “அந்த மூங்கில் கம்புக்காரன் இன்னும் உயிரோடு இருக்கிறானா?” என்றாள். சிங்கப்பூர் தோ பாயோவில் நடந்ததை அவள் மறக்கவில்லை, நீயும் மறக்காதே.

அவள் சந்தோஷமாக இருக்கிறாள், மணி. அதுதான் எனக்குச் சிக்கல். பரிதாபமாக இருந்திருந்தால் டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்திருப்பேன். குளிர்காலத்தில் அரிசோனாவில் குவார்ட்சைட் என்ற இடத்துக்குப் போய்விடுகிறாள். அரசாங்க நிலத்தில் செப்டம்பர் 15-இலிருந்து ஏப்ரல் 15 வரை தங்கக் கட்டணம் 180 டாலர், இங்கே கார் நிறுத்த ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குக் கட்டும் சீசன் பார்க்கிங் காசு. கோடையில் தாஹோ பக்கம், 1,900 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறாள். கடும் குளிரோ கடும் வெயிலோ எங்கே வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போகிறாள், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் நரியும் இல்லை, திருடனும் இல்லை. வெயில். வெளியே 21 டிகிரி இருந்தாலே மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40-ஐத் தாண்டிவிடும். ஆர்.வி. பெரிய வண்டி, கொஞ்சம் தாங்கும், ஆனால் கதை அதேதான். ஏசியை பாட்டரியில் நாள்பூராவும் ஓட்ட முடியாது, ஜெனரேட்டர் வேண்டும். அது நடுப்பகலில் நின்றால்? இவள் வெளியே எங்காவது வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தால்? உள்ளே வெப்பம் ஏறினால் போனுக்குச் செய்தி வரும் கருவி வைத்திருக்கிறாள், சிக்னல் இல்லாத இடத்தில் அது யாருக்குச் சொல்லும்? கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: உள்ளே ஒரு நாய், ஒரு பூனை, அவசரமென்றால் கண்ணாடியை உடையுங்கள், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த எண் என்னுடையது. சிங்கப்பூர் எண், மணி! நெவாடாவில் கண்ணாடியை உடைத்தவன் என்னைக் கூப்பிட்டால் நான் இங்கிருந்து என்ன செய்வேன்? இது போதாதென்று, கோடைக் கடைசியில் ஏரியில் நீலப்பச்சைப் பாசி படருமாம், அந்தத் தண்ணீரை நாய் குடித்தால் கல்லீரல் போய்விடும்.

இதையெல்லாம் அவளிடமே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அத்தான் தவறிய மாதத்தில் இந்த நாய் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. அதுதான் முதலில் சாப்பிட ஆரம்பித்தது” என்றாள். அதற்குமேல் நான் என்ன பேச.

கடைசி இரவு, காற்று வண்டியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தபோது, அவளாகவே சொன்னாள், ராஜா வரக்கூடிய இடமாக இருந்தால் யோசிக்கலாம் என்று. சிங்கப்பூரில் அதற்கு எங்கே போவது? மிளகுக்குப் பிரச்சினையில்லை. 1989-இலிருந்து இருந்த தடையை எடுத்துவிட்டு, 2024 செப்டம்பர் 1 முதல் வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள் (அதற்கு முன் நம் புளோக்கில் யார்தான் வைத்திருக்கவில்லை). நாயென்றால் இன்னும் சின்ன ரகம் ஒன்றுதான். ராஜா லிஃப்டில் நுழைந்தாலே புகார் போகும். நாயைக் காப்பகத்தில் விடச்சொல்லி அண்ணன் போனில் அறிவுரை சொன்னான். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்தாள், அதிலிருந்து அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

இப்போது புரிந்திருக்குமே, உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று. ஈப்போவில் உன் வீட்டுப் பின்கட்டு சும்மாதான் கிடக்கிறது. நிரந்தரமாக வேண்டாம், வருடத்தில் வெயில் கடுமையான மூன்று நான்கு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றுகிறது. நாயை அத்தனை தூரம் விமானத்தில் கொண்டுவருவதும் போவதும் லேசில்லை, மலேசியாவில் என்ன தாள் கேட்பார்கள் என்று நீதான் விசாரிக்க வேண்டும். தங்கச்சி நாய்க்குப் பயப்படுவாள், அதுவும் தெரியும். நீ முடியாது என்றால் எனக்கு வருத்தமில்லை, மழுப்பாமல் சொல்லிவிடு.

முடியும் என்றால் அக்காவிடம் நீயே பேசு. நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் திட்டிவிட்டாவது கேட்பாள். நமக்குக் காலை 10 மணி என்றால் அங்கே முதல் நாள் மாலை 7, முள் எடுத்து முடித்து உட்கார்ந்திருக்கும் நேரம். ஜூனில் மலைக்கு ஏறிவிடுவாள், அதற்குள் கூப்பிடு. பின்கட்டு வேலியின் உயரத்தையும் அளந்து எழுது. ராஜா நாலடியைச் சுலபமாகத் தாண்டுகிறது, என் கண்ணால் பார்த்தேன்.

அன்புடன்,
சேகர்