212 என்று வந்த செய்தி: கிண்ணியாக் காக்காவுக்கு

அன்புள்ள காக்காவுக்கு,

வரம்பில் நின்று உங்களிடம் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். நீங்கள் இஞ்சித் தேத்தண்ணியைக் கையில் தந்து, "அத விடுங்க தம்பி, அடுத்த போகத்தப் பாப்பம்" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். எங்கள் பெட்டி உங்களுக்கு அனுப்பிய பிழையான செய்திக்காகக் கொண்டுவந்த மன்னிப்பைக் கேட்காமலே தம்பலகாமம் சந்தியில் பஸ் ஏறிவிட்டேன். இதைப் பொதுவில் போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களைப் போலப் பூச்சி எண்ணும் பெட்டி செய்யும் மாணவர்கள் வேறு இடங்களிலும் இருப்பார்கள். பெட்டியை வயலில் நடுவதற்கு முன் அவர்களில் ஒருவராவது இதைப் படிக்கட்டும்.

பெரியப்பாவின் வயல்வாடிக்குப் பக்கத்தில் நின்ற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டீர்கள். நானும் செயற்கை நுண்ணறிவு, அது இது என்று பெரிதாக அளந்தேன். உள்ளே இருந்த சாமான் இவ்வளவுதான்: பூச்சியை இழுக்க ஒரு ஊதா எல்ஈடி விளக்கு, ஏ4 தாளளவில் ஒரு வெள்ளைத் தகடு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படம் பிடிக்கும் கமரா, உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெரி பை கணினி, ஒரு சிம், ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரி. கூரையில் சோலர். மார்கழி மழை இருட்டில் அந்த சோலர் பட்ட பாடு தனிக் கதை. பெரும்போகம் முழுக்க மேகம் மூடிக்கிடக்கும் ஊரில் வெயிலை நம்பிப் பெட்டி செய்த ஆட்கள் நாங்கள்.

பெட்டி எண்ண வேண்டிய நெற்பூச்சியை நீங்கள் அறக்கொட்டி என்கிறீர்கள். விவசாயப் போதனாசிரியர் கபில நிறத் தத்தி என்கிறார். தமிழ்நாட்டில் புகையான். விஞ்ஞானப் பெயர் நிலபர்வதா லூகென்ஸ்; கேட்டால் யாரோ ஊர்ப் பெண்ணின் பெயர் போலத்தான் இருக்கிறது. ஆள் மூன்று, நான்கு மில்லிமீற்றர் நீளம். எங்கள் கமராவின் 12 மெகாபிக்சலை ஏ4 தகடு முழுவதற்கும் பரப்பினால் ஒரு மில்லிமீற்றருக்கு 13 புள்ளி மட்டில் விழும். சாறு உறிஞ்சியே ஒரு ஏக்கர் நெல்லை எரிந்ததுபோலக் காயவைக்கக்கூடிய பூச்சி எங்கள் கணினிக்கு ஐம்பது புள்ளி நீளமுள்ள ஒரு மண்ணிறக் கறை. அந்தக் கறை கபிலத் தத்தியா, அதன் ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும் வெண்முதுகுத் தத்தியா, இல்லை வெறும் பதர்த் துண்டா என்று அது முடிவு சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைத்த சுத்தமான, வெளிச்சமான படங்களைக் காட்டித்தான் முதலில் அதற்குப் பாடம் நடத்தினோம். வயலில் வந்து விழுந்த பூச்சிகளோ சிறகு நனைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தலைகீழாகக் கிடந்தன.

முதல் மழைக்கு ஈசல் கொட்டியது. தகடே தெரியவில்லை. இறகுகளைக் கையால் வழித்து எடுத்தோம். அதுக்குப் பிறகு, யானை வந்து பெட்டியை மிதித்துவிடும் என்று எல்லாரும் பயங்காட்டினார்கள். யானை வரவில்லை, பல்லிதான் வந்தது. வாடிக் கூரையிலிருந்து இறங்கி, விளக்கடியில் உட்கார்ந்து, தகட்டில் விழுவதை எல்லாம் தின்றது. மூன்று இரவு தொடர்ந்து எண்ணிக்கை பூச்சியம். பூச்சி குறைந்துவிட்டது என்று குழுவில் சந்தோஷப்பட்டோம். நாலாவது நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தகட்டின் மூலையில் ஒரு வால். பல்லி சொன்னால் பலிக்கும் என்பார்கள், எங்கள் பல்லி வாயைத் திறந்தது தின்பதற்கு மட்டும்தான். இந்தக் கதையைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் அடுத்ததை எழுதக் கை வரவில்லை.

தை மாதத்தில் அந்த இரவு. பயிர் குடலைப் பருவம், கதிர் இன்னும் மடலுக்குள். ஒன்பது மணிபோல உங்கள் போனுக்கும் இன்னும் நாலு பேருக்கும் பெட்டியிலிருந்து தானாக ஒரு செய்தி போனது: "கபிலத் தத்தி 212. மருந்தடிக்க வேண்டிய நிலை." ஐம்பதைத் தாண்டினால் அப்படி அனுப்பு என்று எழுதி வைத்தவன் நான். ஏன் ஐம்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. விடுதிக் கட்டிலில் படுத்திருந்து, வட்டமான எண்ணாக இருக்கட்டும் என்று போட்டது. அடுத்த நாள் விடியவே நீங்கள் ஸ்பிரேயரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டீர்கள்.

அந்த இரவின் படங்களைப் பத்து நாள் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தேன். தூறல் சரிவாக அடித்திருக்கிறது. தகடு முழுக்க மழைத்துளி. ஒவ்வொரு துளியின் ஓரத்திலும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கருவரி, உள்ளே மங்கலான பழுப்பு நிழல், நீளம் மூன்று மில்லிமீற்றர். நானே விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். உண்மையான தத்தி ஒன்பது.

மாசியில் உங்கள் வயலில் வட்டம் வட்டமாக எரிந்தது. பெரியப்பாவின் வயல் எரியவில்லை. இடையில் இருப்பது ஒரே ஒரு வரம்பு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தத்தி முட்டையை இலையின் மேலே இடுவதில்லை. நெல்லின் இலைமடலைக் கீறி உள்ளே சொருகிவிடும். மருந்து அங்கே போய்ச் சேராது. அடித்த அன்று செத்தது வெளியே நின்ற தத்தியும், அதைத் தின்ன நின்ற சிலந்தியும், தத்தியின் முட்டையைக் குத்திக் குடிக்கும் சின்னப் பச்சை மிரிட் பூச்சியும். ஒரு கிழமை கடந்ததும் முட்டை பொரித்தது, தின்ன ஆளில்லை. யூரியா கூடினாலும் தத்தி கூடும் என்பது உண்மை. இந்த முறை நீங்கள் ஒரு வீச்சு யூரியா கூடுதலாகப் போட்டதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கலாம். ஆனால் பெரியப்பாவும் அதேயளவுதான் போட்டார். அவருடைய போன் அன்றைக்குச் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்ததால் அவருக்குச் செய்தி போகவில்லை, அவர் அடிக்கவும் இல்லை.

இது எங்கள் வட்டையில், இந்த வயல்வெளியில் மட்டும் நடந்த கதையில்லை. கந்தளாய்க் குளம் உடைந்த 1986ஆம் ஆண்டு உங்களுக்கு மறக்காது. அதே ஆண்டு நவம்பரில் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது. காரணம் இதே அறக்கொட்டிதான். அடிக்க அடிக்கத் தத்தி கூடியது. சிலந்தியைக் காப்பாற்றினால் தத்தியைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று ஆய்வாளர்கள் வயலில் எண்ணிக் காட்டியிருந்தார்கள். இதையெல்லாம் நான் படித்தது உங்கள் வயல் எரிந்த பிறகு. பெட்டி செய்யத் தொடங்கிய நாளில் நாங்கள் படித்தது கமரா லென்ஸைப் பற்றி.

இன்னொன்று. விளக்குக்கு வருவது நீளச் சிறகுள்ள தத்தி மட்டும். வெளியிலிருந்து பறந்து வந்து இறங்கும் கூட்டம் அது. வந்து இறங்கி, பயிர் நல்லதாக இருந்தால், அடுத்த தலைமுறையில் குட்டைச் சிறகுள்ளவை கூடும். அவை பறக்காது. நெல்லின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே இருந்து சாறு உறிஞ்சிப் பெருகும். அவற்றுக்கு எங்கள் விளக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. மழையே இல்லாத இரவில் பெட்டி சரியாக எண்ணியிருந்தாலும், அது சொல்லக்கூடியது 'ஆள் வந்திருக்கிறது' என்பது வரைக்கும்தான். வந்த ஆள் குடியேறிவிட்டதா என்று அதற்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். பெட்டி வைத்த முதல் கிழமையே நீங்கள் குனிந்து, பயிரை இரண்டு கையாலும் விலக்கி, அடியில் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீரில் விழுந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தீர்கள். "இஞ்ச பாருங்க தம்பி, உங்கட மெசின் இத எண்ணுமா?" நான் மேலே இருந்த விளக்கைக் காட்டி ஏதோ சொன்னேன். அன்றைக்கு ஒழுங்காக உங்கள் பக்கத்தில் குனிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. சிலந்தி இல்லாவிட்டால் ஒரு மட்டத்துக்கு, அதாவது நெல்லின் ஒரு தண்டுக்கு, ஒரு தத்தி தாண்டினால்தான் மருந்து. தூருக்கு, அதாவது ஒரே இடத்தில் நட்டு வளர்ந்த தண்டுக் கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால் மட்டத்துக்கு இரண்டு தத்தி வரை பொறுக்கலாம். அவர்கள் சொல்வது நாற்று நட்ட வயலுக்கு. நாம் விதைக்கிறோம், தூர் என்று தனியாகப் பிரித்து எண்ண முடியாது, அதனால் அப்படியே எடுக்க ஏலாது. எனக்கு அந்தக் கணக்கில் பிடித்தது, அதில் சிலந்திக்கும் ஒரு இடம் இருக்கிறது. எங்கள் பெட்டி ஒரு சிலந்தியைக்கூட எண்ணியதில்லை.

சரி, பெட்டியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். குழுவில் இரண்டு பேர் விட்டுவிடுவோம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. எப்போது கூட்டம் வந்து இறங்குகிறது என்று தெரிவதில் பலன் உண்டு, தினமும் ஐந்து ஏக்கரைக் குனிந்து பார்க்க யாராலும் முடியாது. தகட்டைக் கூரைக்குக் கீழே உள்ளே தள்ளிவிட்டோம். மழைத்துளிப் படங்களை எல்லாம் கணினிக்குத் திரும்பக் காட்டி 'இது தத்தி இல்லை' என்று பழக்கியிருக்கிறோம். பல்லி ஏறாமல் கம்பத்தில் தகர வளையம் போட்டாயிற்று. இனிமேல் செய்தி முதலில் எனக்குத்தான் வரும், படத்தோடு. நான் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் போகாது. போகிற செய்தியிலும் மருந்து என்ற சொல் கிடையாது. "தத்தி வருகிறது. நாளை காலை பயிரின் அடியைப் பாருங்கள். சிலந்தியையும் எண்ணுங்கள்." அவ்வளவுதான். படிப்பு முடிந்து நான் வேலைக்குப் போனபின் அந்தப் படத்தை யார் பார்ப்பது என்று பெரியப்பா கேட்டார். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

எங்கள் செயற்றிட்ட அறிக்கையில் 'துல்லியம்' என்று ஒரு அட்டவணை இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு தாண்டிய எண் அதில் இருக்கிறது, அது பொய்யும் இல்லை. மழை இல்லாத இரவுகளில் எடுத்த படங்களை வைத்துச் சோதித்தது. அதற்குக் கீழே இப்போது ஒரு பந்தி சேர்த்திருக்கிறேன். உங்கள் பெயர் இல்லாமல், உங்கள் வயலில் நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். பந்தி நீளம், சுருக்கு என்றார்கள். சுருக்கவில்லை.

நட்டத்தை எங்களால் ஈடுகட்ட முடியாது. ஐந்து பேரும் சேர்த்து வைத்த காசு பெட்டிக்கே போய்விட்டது. வெட்டு முடிந்த கையோடு சிறுபோகத்துக்குக் கந்தளாய்த் தண்ணி திறப்பார்கள். விதைத்து ஒரு மாதம் ஆனதும் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். வெள்ளைப் பீங்கான் ஒன்றும் கொப்பியும் கொண்டுவருவேன். நீங்கள் பயிரை விலக்கித் தட்டிக் காட்டுங்கள், பீங்கானில் விழுவதை நான் எண்ணி எழுதுகிறேன், தத்தி வேறு சிலந்தி வேறாக. பெட்டி அன்றிரவு சொன்ன எண்ணையும் பக்கத்தில் எழுதுவோம். இரண்டுக்கும் ஏதாவது ஒற்றுமை இருக்கிறதா என்று ஒரு போகம் முழுக்கப் பார்ப்போம்.

செய்தி போகும் பட்டியலிலிருந்து உங்கள் நம்பரை எடுத்துவிட்டேன். கேட்காமல் சேர்த்தது போல, கேட்காமல் திரும்பவும் சேர்க்க மாட்டேன். வேண்டுமா வேண்டாமா என்று பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெரியப்பாவின் வாடிக்குப் பக்கத்தில் பெட்டி வைத்த தம்பி