பட்டியலை அப்புறம் பார்க்கலாம்

அன்புள்ள மணிமாறனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சர்வதேச உறவுகளில் முதுகலை படித்துப் பாதுகாப்புத் துறைக்குப் போவதென்று உறுதியாக இருக்கிறாள் என்றறிந்து ரொம்ப சந்தோஷம். கூடவே பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலையும் அனுப்பி, எதில் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் அவளுடைய பாஸ்போர்ட்டைப் பார்.

அமெரிக்காவில் உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் ரகசிய ஆவணங்களைக் கையாளும் அனுமதி அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வுப் படிப்பு, வாஷிங்டனில் அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு அருமையானது. வெளிநாட்டு மாணவிக்கு அதே பாடம், அதே ஆசிரியர்கள் கிடைப்பார்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் அந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. சிந்தனைக் குழாம் (கொள்கை ஆய்வு நிறுவனம்), தொண்டு நிறுவனம், நிறுவனங்களுக்கான அபாய ஆய்வு ஆகியவைதான் மிஞ்சும். அவை போதுமா என்று அவள் இப்போதே யோசிக்க வேண்டும்.

தன் நாட்டுத் தூதரகப் பணிதான் கனவென்றால், முதுகலை தேவையா என்று விதிகளைப் பார்க்கட்டும். அமெரிக்க வெளியுறவுப் பணிக்கும் சரி, இந்திய வெளியுறவுப் பணிக்கும் சரி, முதுகலை கட்டாயமில்லை, தேர்வுதான் தீர்மானிக்கும். ஐ.நா.வின் இளம் வல்லுநர் திட்டத்துக்கும் இளங்கலை போதும், ஆனால் வயது 32-ஐத் தாண்டக் கூடாது, அந்த ஆண்டு பங்கேற்கும் நாடுகளின் பட்டியலில் அவள் நாடும் இருக்க வேண்டும். ஐ.நா. அலுவலகங்கள் உள்ள ஜெனிவா பக்கம் போவதென்றால் பிரெஞ்சு கைகொடுக்கும். ஐ.நா. செயலகத்தில் பயிற்சிப் பணிக்குச் சம்பளம் கிடையாது. அந்த மாதங்களின் வாடகையையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்.

பலர் கோட்டை விடுவது கால அளவில். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் போரியல் துறையில் முதுகலை ஓராண்டு. செலவு குறையும், உண்மைதான். ஆனால் செப்டம்பரில் சேர்ந்தால், முதல் மதிப்பெண் வருமுன்பே பல வேலைகளுக்கு விண்ணப்பக் கெடு முடிந்துவிடும். பயிற்சிப் பணிக்குப் போக வேண்டிய கோடையை ஆய்வேடு விழுங்கிவிடும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாய்ஸ், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃப்ளெட்சர் ஆகிய சர்வதேச உறவுக் கல்விக்கூடங்களில் உள்ளவை போன்ற ஈராண்டுப் படிப்புகளில் நடுவே ஒரு கோடை முழுதாகக் கிடைக்கிறது. பாரிஸின் சியான்ஸ் போ பல்கலைக்கழகத்தில் மூன்றாம் பருவத்தையே பயிற்சிப் பணிக்கு ஒதுக்கலாம். முன் அனுபவம் இல்லாதவளுக்கு ஈராண்டுதான் என் சிபாரிசு. வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறவருக்கு ஓராண்டே தாராளம்.

கடன் விஷயத்தில் கண்டிப்பாக இரு. இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் குறைவு, ஒப்பந்தங்களும் குறுகியவை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் எம்.பி.ஏ. (MPA) மாணவர்களுக்கு (வணிக மேலாண்மை அல்ல, பொது நிர்வாகம்) கல்விக் கட்டணத்தை முழுதாக ஏற்கிறது. இடங்கள் மிகக் குறைவு, பணி அனுபவமும் எதிர்பார்ப்பார்கள். உதவித்தொகை இல்லாத பெரிய பெயரைவிட, உதவித்தொகையோடு வரும் நடுத்தரப் பெயரே மேல்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் அவள் கேட்க வேண்டியது: கடந்த ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேரின் வேலை விவரம் உங்களிடம் இருக்கிறது? வெளிநாட்டு மாணவர்கள் எங்கே சேர்ந்தார்கள்? அதில் நிரந்தர வேலை எத்தனை? ‘90 சதவீதம் வேலையில்’ என்று போட்டிருப்பார்கள். பதில் அனுப்பாதவர்களை விட்டுவிட்டுப் போட்ட கணக்காகவும் அது இருக்கலாம். பாடத்திட்டத்தில் புள்ளியியலும் ஒரு மொழியும் இருக்கின்றனவா என்றும் பார்க்கட்டும்.

ஏன் படிக்க விரும்புகிறாள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கடிதத்தில் ‘உலக அமைதி’ வேண்டாம். மலாக்கா நீரிணைக் கடற்பாதுகாப்பா, அணு ஆயுதப் பரவல் தடுப்பா, ஒன்றைச் சொல்லி அதைக் கற்பிப்பவர் அங்கே யாரென்றும் எழுதட்டும். அவர் அந்த ஆண்டு விடுப்பில் இல்லையென்று முன்பே விசாரித்துக்கொள்ளச் சொல். வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பட்டும், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
சேகர்