கே.ஏ.ஜி. சாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கே.ஏ.குணசேகரன் சாருக்கு,

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் வழியாகத்தான் பழக்கம். நீங்கள் பாடிய பாட்டை அப்பாவின் நண்பர் பதிந்து கொடுத்த கேசட் அது. மேலே நீல மையில் 'மனுசங்கடா' என்று மட்டும் எழுதியிருக்கும். இரண்டாம் பக்கம் ஓடும்போது நாடா சிக்கிக்கொள்ளும்; பென்சிலை விட்டுச் சுற்றிவிட்டு மறுபடி போடுவோம். பாட்டை எழுதியவரும் நீங்கள்தான் என்று கல்லூரி போகும்வரை நம்பியிருந்தேன். கவிஞர் இன்குலாப் எழுதியது என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றம்கூட. ஆனால் புத்தகமே தொடாதவர்களிடமும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது உங்கள் தொண்டைதானே.

போன வாரம் உங்கள் தன்வரலாறு 'வடு'வை மறுபடி எடுத்தேன். 1955இல் இளையான்குடி பக்கத்து மாரந்தையில் பிறந்தவர் நீங்கள். இளையான்குடி முஸ்லிம்கள் சாதி பார்க்காமல் பழகியதைச் சொல்லும்போது உங்கள் நடை இளகிவிடுகிறது. சுற்றுக் கிராமங்களுக்குப் போனதும் இறுகுகிறது. ஆனாலும் எங்கேயும் குரலை உயர்த்தவில்லை. பாட்டில் அவ்வளவு உரக்க நியாயம் கேட்டவர், எழுத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

'தன்னானே' நாட்டுப்புறக் கலைக்குழுவோடு நீங்கள் பாடியதைக் கேட்டவர்கள் பலருக்கு உங்கள் நாடகங்கள் தெரியாது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த நண்பன் ஒருவனுக்கோ நீங்கள் நாடகப் பேராசிரியர்தான், பாட்டு இரண்டாம்பட்சம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாட, நடுவில் பறை புகுந்தால் அங்கேயே பாதி நாடகம் வந்துவிடுகிறது, இல்லையா?

தமிழின் முதல் தலித் நாடகம் என்று 'பலி ஆடுகள்' பற்றிப் பேசுகிறார்கள். முதலா இல்லையா என்ற கணக்கு எனக்கு முக்கியமில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் பெண்ணே பலியாவதை, சொந்தச் சனத்தின் முன்னாலேயே வைத்தீர்களே, அந்தத் துணிச்சல்தான் பெரிது.

2016 ஜனவரியில் நீங்கள் போனபோது அறுபது வயதுதான். சரி, அதை விடுங்கள்.

இங்கே சில பையன்கள் 'பலி ஆடுகள்' போடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். பறை அடிக்க நாலு பேர் தயார். பூசாரி வேடத்துக்குப் போட்டியே நடக்கிறது. அந்தப் பெண் வேடத்துக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன்