உனக்கென்று ஒரு தட்டு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. சின்னவன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான் என்பதையும், பெரியவள் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தினமும் அடம்பிடிக்கிறாள் என்பதையும் என் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்கவில்லை. ஐந்து மாதமாகியும் பத்து கிலோ இறங்கவே இல்லை, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், ஆபீசில் ஒருத்தி சொன்ன பவுடரைக் கரைத்துக் குடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வளைகாப்புக்குப் போன இடத்தில் நாலு பேர் ‘என்ன இப்படி உடம்பு போட்டுட்டே’ என்று கேட்டதும் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாய். எனக்கு மனசே ஆறவில்லை.

அந்தப் பவுடரை இன்றே நிறுத்து. ராத்திரி சாப்பிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

நீ இப்போது ஒரு உயிருக்குப் பால் கொடுக்கிறவள். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் தினமும் 600 கலோரியும், அடுத்த 6 மாதம் 520 கலோரியும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பு கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்து வைப்பதே இந்தப் பாலுக்காகத்தான். பிரசவத்தன்றே குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குடநீர் என்று ஐந்து ஆறு கிலோ போய்விடும். உடம்பில் தங்கிய நீர் அடுத்த சில வாரங்களில் வடியும். மீதி இறங்குவதற்கு மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். ஒன்பது மாதம் ஏறியது ஐந்து மாதத்தில் இறங்கவில்லை என்று நீ பதற வேண்டியதே இல்லை. இறங்கும்போதும் வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது. பட்டினி கிடந்தால் தலை சுற்றும், முடி கொட்டும், மறுநாள் மத்தியானம் இரண்டு மடங்கு சாப்பிட வைக்கும்.

ஆனால் அந்த 600 கலோரி எவ்வளவு என்று நம் வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. நாலு இட்லி சாம்பாரோடு, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. அவ்வளவுதான். அதற்கே அது சரியாகப்போகும். இப்போது இதை நான் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தங்கை தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள், குடியாத்தத்துக்கு. பெண் குழந்தை, சுகப்பிரசவம். வாரக்கடைசியில் நான் போய்விடுகிறேன்.

அம்மாவின் பத்தியச் சமையலை நீ சாப்பிட்டிருக்கிறாய். பூண்டை உரித்து நல்லெண்ணெயில் வதக்கி மிளகுக் குழம்பு, பிரண்டைத் துவையல், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு, காலையில் வெறும் வயிற்றில் லேகியம். இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கீரையும் பூண்டும் கருவாடும் பச்சை உடம்புக்கு நல்ல சாப்பாடுதான். ஆனால் சோறு? தட்டில் மலைபோல் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் நெய்யை ஊற்றுகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 130 கலோரி. அம்மா ஊற்றுவது மூன்று கரண்டிக்குக் குறையாது, அதுவும் மூன்று வேளையும். ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடுறா’ என்கிறார் அம்மா. அந்த இன்னொரு உயிரின் எடை மூன்றரை கிலோ!

அதைவிட என்னைக் கோபப்படுத்தியது தண்ணீர். தண்ணீர் அதிகம் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும், வயிறு ஊதிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லி, ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் சுடுதண்ணீரோடு நிறுத்திவைத்திருந்தார்கள். நம் ஊர் மே மாத வெயிலில்! நாற்பது டிகிரியைத் தாண்டும்போது சும்மா இருக்கிறவர்களுக்கே நாக்கு வறளும். பால் கொடுக்கிறவள் என்ன செய்வாள்? பாவம், மலச்சிக்கலில் தவித்துக்கொண்டிருந்தாள். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மா முதலில் முறைத்தார். கிராமச் செவிலியர் தடுப்பூசி விஷயமாக வந்தபோது அவரும் அதையே சொன்னார், அப்புறம் அம்மா சரி என்றார். நெய்யையும் மத்தியானம் ஒரு கரண்டியோடு நிறுத்தியாகிவிட்டது. தங்கைக்கு ஒரே ஒரு வருத்தம்தான் மிச்சம். கத்திரிக்காய் கரப்பான், அரிப்பு கொடுக்கும் என்று அம்மா அதை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயைச் சந்தையில் பார்த்துவிட்டு வந்து நான் சொன்னேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவது பற்றிக் கேட்டிருந்தாய். இடுப்புக்கு ஆதரவாக இருக்கும், நிமிர்ந்து உட்கார உதவும், கட்டலாம். ஆனால் கட்டினால் தொப்பை கரையும் என்பது உண்மையில்லை. கர்ப்பத்தில் வயிற்றின் நடுவில் இரண்டு பக்கத் தசையும் விலகிப்போகும், அது மெதுவாகத்தான் கூடிவரும். உனக்கு இரண்டாவதும் சிசேரியன். அவசரப்பட்டு யூடியூபைப் பார்த்து எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சியெல்லாம் செய்யாதே. மூச்சை நன்றாக இழுத்து விடும்போது அடிவயிற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பது, சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடுவது, அப்புறம் நடை, இதில் ஆரம்பி. அதையும் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, தையல் ஆறிவிட்டது என்று கேட்டுக்கொண்டு ஆரம்பி.

இன்னொன்று. ‘கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டதாலதான் ஊதிட்டே’ என்று உன் நாத்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இதை நம் பக்கத்தில் சொல்லாத ஆளே இல்லை. அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். சினைப்பை அப்படியேதான் இருக்கிறது, ஹார்மோன்கள் எப்போதும் போலச் சுரக்கின்றன. அதனால் எடை ஏறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற கருத்தடை ஊசியில் சிலருக்கு எடை கூடும், அது வேறு விஷயம். ஆபரேஷன் நடக்கிற காலமும் இரண்டாவது பிள்ளை பெற்று உடம்பு கனத்திருக்கிற காலமும் ஒன்றாகிவிடுவதால் பழி அதன் மேல் விழுகிறது.

சரி, பின்னே உண்மையில் எதனால் எடை தங்குகிறது? இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். பிள்ளை பெற்ற வீடுகளில் எனக்குத் தெரிந்தவரை, அம்மாவுக்கு என்று ஒரு தட்டு இல்லை. குழந்தைக்கு ஊட்டியது போக மீதி, பெரியது வைத்துவிட்டுப் போன அரை தோசை, கணவன் தொடாத பொரியல், வீணாகக் கூடாது என்று பாத்திரத்தின் அடியில் இருந்த சாம்பார் சாதம். நின்றபடி, நடந்தபடி வாயில் போட்டுக்கொள்கிறோம். ‘நான் ஒண்ணுமே சாப்பிடல, ஆனா எடை ஏறுது’ என்று சொல்கிற எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடவில்லை, அதனால் சாப்பிட்டதாகவே மனசில் பதியவில்லை. அதோடு தூக்கம் இல்லை. ராத்திரி நாலு தடவை எழுந்தால் மறுநாள் பசி அதிகமாக எடுக்கும், இனிப்பாக எதையாவது கேட்கும். இது மனசு பலவீனமில்லை, உடம்பு அப்படித்தான் வேலை செய்யும்.

அதனால் உனக்கென்று ஒரு தட்டை எடுத்து வை. அதில் முதலில் கீரையோ காயோ, பிறகு பருப்பு, முட்டை, மீன், சுண்டல் இதில் ஏதாவது ஒன்று, கடைசியில் சோறு. உட்கார்ந்து சாப்பிடு. குழந்தை மிச்சம் வைத்தால் அது மிச்சமாகவே போகட்டும். தாம்பரத்தில் கேழ்வரகு மாவு கிடைக்காமலா போகும்? வாரத்தில் மூன்று நாள் களி கிண்டு. சின்ன உருண்டை, கீரைக் கடைசல், போதும், சாயங்காலம் வரை பசி தாங்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பால் கொடுக்கிற உனக்கு அது வேண்டும். பவுடருக்குக் கொடுக்கிற காசில் ஒரு மாதத்துக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்கலாம். அங்கன்வாடியில் பால் கொடுக்கும் தாய்மாருக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள், கௌரவம் பார்க்காமல் போய்ப் பதிந்து வாங்கிக்கொள்.

தட்டு ஒன்று. நேரம் இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் பிரசவித்த பெண்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடம் நடை மாதிரியான உழைப்பு வேண்டும் என்கிறது. அதாவது ஐந்து நாள், அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? எல்லாம் அங்கேதான் முட்டுகிறது.

நான் காலையில் கோட்டைக்குள் நடக்கப் போகிறேன் இல்லையா, அங்கே ஒரு பெண்ணைப் பார்க்கிறேன். இருபத்தைந்து வயது இருக்கும். அவளோடு மாமியாரும் வருகிறார். மாமியார் வேப்பமரத்தடியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், மருமகள் சுற்றி வருவாள். குழந்தை அழுதால் அந்தம்மா தோளில் கிடக்கிற துண்டை எடுத்து வீசுவார். இவள் எங்கிருந்தாலும் பார்த்துவிட்டு ஓடி வருவாள், முந்தானையை மூடிக்கொண்டு பால் கொடுப்பாள், மறுபடி நடப்பாள். ஒருநாள் அந்தம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘எனக்கு நாலு பிள்ளைங்க, சுகர் வந்து கால்ல புண்ணு ஆறல, இவளுக்கு வரக் கூடாதும்மா’ என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பெண் இளைக்கிறாளோ இல்லையோ, அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது.

அந்தம்மா சொன்ன சர்க்கரைதான் உன் விஷயத்தில் எனக்கு இருக்கிற பயமும். ரவிக்கை பற்றவில்லை என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது கர்ப்பத்தில் உனக்குச் சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டாய். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிரசவமாகி 6 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும், பிறகு வருஷா வருஷம் பார்க்க வேண்டும். நீ எடுக்கவே இல்லை. தாய்ப்பால் கொடுப்பதும், எடையை மெதுவாக இறக்குவதும், நடையும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். நம் ஊர் உடம்புக்கு வெள்ளைக்காரர்கள் கணக்கு சரிவராது, உடல் எடைக் குறியீடு (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23-ஐத் தாண்டினாலே அதிகம் என்கிறார்கள், இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உன் உயரம் 155 சென்டிமீட்டர். உனக்கு 55 கிலோதான் எல்லை. அங்கே போய்ச் சேர ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ எடுத்துக்கொள், ஒன்றும் கெட்டுப்போகாது. கூடவே தைராய்டையும் பார்த்துவிடு. பிரசவத்துக்குப் பிறகு அது சிலருக்குத் தடம் மாறும், குறைவாகச் சுரந்தால் எவ்வளவு நடந்தாலும் எடை சுலபத்தில் அசையாது.

எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். வசந்தி, அதையும் டாக்டரிடம் சொல். எடையைவிட அதை முதலில் சொல். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

26 வார விடுமுறை முடிந்து அடுத்த மாதம் ஆபீஸ் போகப் போகிறாய். இப்போதே அண்ணனோடு உட்கார்ந்து பேசிவிடு. ராத்திரி ஒரு முறையாவது அவர் எழுந்து குழந்தையைப் பார்க்கட்டும். காலையில் அரை மணி நேரம் நீ மொட்டைமாடியிலோ தெருவிலோ நடக்கும்போது சின்னவன் அவர் கையில் இருக்கட்டும். உதவி செய்யச் சொல்கிறேன் என்று அவர் நினைக்க வேண்டாம், அவர் பிள்ளைதானே. நான் சொன்னதாகவே சொல்லு, என் மேல் கோபப்பட மாட்டார்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மகனுக்கு அரையாண்டு லீவு விட்டதும் உன்னைப் பார்க்க வருவதாக இருக்கிறோம். வரும்போது ஆற்காடு மக்கன்பேடா வாங்கிவரச் சொல்லியிருக்கிறாய். வாங்கிவருகிறேன், உனக்கு ஒன்று, மீதி பெரியவளுக்கும் அண்ணனுக்கும். அதற்கு முன்னால் அந்தச் சர்க்கரை டெஸ்டை எடுத்து ரிசல்ட்டைப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பு. வரும் சனிக்கிழமை வரை பார்ப்பேன், வராவிட்டால் அண்ணனுக்கே போன் செய்துவிடுவேன்.

அன்புடன்,
உன் கலா