வராவிட்டால் மனு நிற்கும் என்கிற தன்னார்வம்

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தன்னார்வம் என்று நீங்கள் கூப்பிட்ட கடற்கரைத் தூய்மைப் பணிக்கு வராத, கடற்பாசி எடுக்கும் பெண்களின் சேமிப்பு நிவாரண மனுக்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அவற்றை விடுவியுங்கள். அரசு தன் பங்கையும் சேர்த்துத் தருகிற அந்த 4,500 ரூபாய் நிவாரணத்தில் 1,500 அவர்களே கட்டிய பணம்.

நீங்கள் குறித்த நாள் பௌர்ணமியை ஒட்டி வந்தது. மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற பெண்களுக்கு, கடல் நீர் நன்றாக வற்றுகிற அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அவ்வளவுதான் மாத வருமானம். அதில் ஒரு காலை போனால் குழுக்கடன் தவணை இடிக்கும். விரலில் துணி சுற்றிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்க வேண்டியவர்கள், பயந்துபோய் உங்கள் கையுறையை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் பொறுக்கினார்கள். படம் எடுத்து முடிந்ததும் கையுறையைத் திரும்ப வாங்கிக்கொண்டது தனிக் கதை.

அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கும் அரசாணை இல்லை, ஐயா. பாசி மறுபடி வளரட்டும் என்று பெண்களே பேசி வைத்துக்கொண்டது. இரும்புச் சுரண்டியையும் அப்படித்தான் விட்டார்கள். அதற்கு யாரும் பேனர் கட்டவில்லை.

புயலில் சரக்கைக் கடலில் எறிகிற மாலுமி விரும்பியா எறிகிறான் என்று அரிஸ்டாட்டில் கேட்டார். எறிவது அவன் கைதான், ஆனால் புயல் இல்லாவிட்டால் எறிந்திருக்க மாட்டான். உங்கள் வருகைப் பதிவேட்டிலும் பெண்கள் தங்கள் கையால்தான் கையெழுத்துப் போட்டார்கள். புயல் எந்த அலுவலகத்திலிருந்து கிளம்பியது என்று ஊருக்கே தெரியும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, வற்புறுத்தியோ, மேலே இருக்கிற அதிகாரத்தைத் தவறாகக் காட்டியோ வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசியும் வறுமையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நாங்கள் கூலி கேட்கவில்லை. வர முடியாது என்று சொன்னவரைத் தண்டிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

இப்போதெல்லாம் மரம் நடுவது, உறுதிமொழி எடுப்பது, அமைச்சர் வந்தால் சாலையோரம் நிற்பது எல்லாமே தன்னார்வம்தான். சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டும் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நீர் வற்றாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், பதிவேட்டை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். முடிந்தவர்கள் வருவார்கள். அதற்கு முன்னால் அந்த மனுக்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் பெண்களின் குடும்பத்திலிருந்து ஒருவர்