ஊர்க்காட்டு வேலை நிறைவு அறிக்கை: கொழும்பு அங்கத்தவர்களுக்கு

அன்பான அங்கத்தவர்களே,

வன்னியில் எமது ஊர்க்காட்டுக்காக நீங்கள் தந்த பணத்தில் தொடங்கிய வேலைகள் முடிந்துவிட்டன. நாற்றுமேடை, கிணறு திருத்தம், எல்லைப் பலகைகள், காவல் கொட்டில் எல்லாம் திட்டப்படி நிறைவு. வரவுசெலவு தனித்தாளில் உள்ளது.

காட்டில் நெருப்புப் பரவாமலிருக்கப் பற்றையும் சருகும் நீக்கி விடும் தீத்தடுப்புப் பாதை பற்றித்தான் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல கதை அடிபடுகிறது. ஒப்பந்தகாரரை ஏன் நிறுத்தினீர்கள், செலவு ஏன் கூடியது என்று கேட்கிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பற்றைகளை வெட்டிச் சருகை வாரி ஒதுக்குவது, அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒப்பந்தகாரரோ மண் தள்ளும் டோசரைக் கொண்டுவந்து இறக்கினார். முதல் நாளே பாலை மரங்கள் சாய்ந்தன. பாலைப்பழம் பொறுக்கி விற்கும் பெண்கள்தான் டோசருக்கு முன்னால் போய் நின்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். அந்தக் காட்டுத் தண்ணீர்தான் குளத்துக்கு இறங்குகிறது. டோசர் கிளறிய மண் முழுவதும் மாரியோடு குளத்துக்குள் போய்விடும். அப்புறம், டோசர் போன அகலத்துக்கு வழி கிடைத்தால் முதிரை மரம் கடத்துகிறவர்களின் உழவு இயந்திரம் சும்மா இருக்குமா? அனுமதியில்லாமல் மரம் சாய்ந்தால் ஊர்ச் சங்கம் வன இலாகாவோடு செய்த உடன்படிக்கையே போய்விடும். அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொன்னோம்.

ஒப்பந்தகாரர் முழுத் தொகையும் கேட்டுச் சண்டை பிடித்தார். கொடுத்த முற்பணத்தில் ஒரு பகுதியைத்தான் மீட்டோம். மீதிக்கு வழக்கு வைத்தால் வழக்குச் செலவு அதைவிடக் கூடும் என்று விட்டோம். செயற்குழு இதில் ஒரே மனதாக இருந்தது.

மிச்ச வேலையை ஊரவர்களே கத்தி, மண்வெட்டியோடு சோளகக் காற்றுக்கு முன் முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியில்லாச் சிரமதானம், மற்ற நாட்களில் நாட்கூலி. "தங்கட காட்டுக்குத் தாங்களே வேலை செய்யக் கூலி எதுக்கு?" என்று ஒரு அங்கத்தவர் கேட்டார். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிற சனத்தின் ஒரு நாள் வருமானத்தை நாங்கள் இலவசமாகக் கேட்க முடியாது.

காட்டில் ஊரவர்களுக்கு எவ்வளவு உரிமை என்பதையும் பாருங்கள். நேபாளத்தின் 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டைப் பயன்படுத்தும் ஊரவர் குழுக்களிடமே கையளிக்க வழி செய்தது. இங்கே இலங்கையில் 1995 வனக் கொள்கை மக்கள் பங்கேற்பை ஏற்றது. 2012 முதல் 2016 வரை அவுஸ்திரேலிய நிதியில் சமூக வனத் திட்டமும் நடந்தது. ஆனாலும் நிலம் அரசினுடையது. எங்கள் சனத்துக்குத் தேன், மூலிகை, பட்ட விறகு மட்டும்தான். உரிமையே இவ்வளவுதான் என்கிற இடத்தில் வேலையையும் வெளியாளிடம் கொடுத்தால், நெருப்புப் பிடிக்கும் நாளில் யார் ஓடி வருவார்கள்?

பணம் தந்த எல்லோருடைய பெயரும் பின்னிணைப்பில் உண்டு. இருந்தாலும் செட்டியார் தெரு நகைக்கடை அண்ணன்மார், ஐந்துலாம்புச் சந்தி மொத்த வியாபாரிகள், பம்பலப்பிட்டி தையற்கடை அக்கா, ஓய்வூதியத்தில் மாதாமாதம் தந்த தெஹிவளை ஆசிரியை, ஆட்டுப்பட்டித்தெருக் குடும்பங்கள், இரத்மலானைத் தம்பிமார் ஆகியோரை இங்கேயும் நன்றியோடு சொல்கிறோம். கூடிய செலவைக் கடைசியில் தாங்கியது இவர்கள்தான்.

பாதையை வருடாவருடம் துப்புரவாக்க வேண்டும். அடுத்த முறைக் கூலியைத் தேன் விற்ற பணத்தில் பார்ப்பதாக ஊர்ச் சங்கம் சொல்லியிருக்கிறது. கத்திகளும் சருகு வாரிகளும் மட்டும் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். தர விரும்புவோர் பொருளாளரிடம் சொல்லுங்கள்.

செயற்குழு, கொழும்பு