சுங்கை சிப்புட்டிலிருந்து அண்ணனுக்கு

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று ஒரு வரி இல்லை. நான் அனுப்பிய தைப்பூசப் படத்தைப் பற்றித்தான் ரெண்டு பக்கம். விளக்குக்கூட ஏற்றாமல் வளர்ந்தவள் தலையில் பால்குடத்தோடு நிற்கிறாளே, மாமியார் வசியம் வைத்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கேலியாகக் கேட்டாலும் சரியான கேள்விதான். விலைவாசிக் கதையை அடுத்த தபாலுக்கு வைத்துக்கொண்டு இதற்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. டிவியில் காட்டும் பத்துமலை முருகனை வைத்து இங்கிருக்கிற சனங்களை எடை போடாதீர்கள். அந்த 140 அடிச் சிலை 2006-இல்தான் எழும்பியது. இவர்களுடைய பழைய சாமிகள் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள், வழியே தெரியாத இடத்தில் இருக்கிறார்கள். மாமியார் பிறந்த தோட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் ஒன்றுகூட மிச்சமில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது சனம் டவுனுக்கும், தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டது. முனியாண்டி மட்டும் தகரக் கொட்டகையில் கையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறார். காலடியில் சுருட்டும் பீர் டின்னும். எவரோ இன்னும் வந்து போகிறார்கள்.

மாமியார் பதினான்கு வயதில் ரப்பர் மரம் சீவப் போனவர். விடிவதற்கு முன்பே பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அதற்கப்புறம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் தனியாக நடக்க வேண்டும். பாம்பு, பன்றி, சில ஆண்கள். "முனியாண்டி முன்னால போறாருன்னு நெனச்சாத்தான் கால் நகரும்" என்றார். அந்த இருட்டில் நின்றிருந்தால் நீங்கள் யாரை நினைத்திருப்பீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்டால் பத்துப் பக்கம் பதில் வரும் என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்குப் பிடித்த பகுதியும் உண்டு. மாமியாருடைய தாத்தாவைக் கங்காணிதான் சேலத்துப் பக்கமிருந்து கப்பலேற்றி வந்தாராம். 1938-இல் அந்த ஆள்பிடிப்பு நிற்கும்வரை கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். ஆட்கள் வந்ததும் மாரியம்மனுக்கு இடம் விட்டவர் துரை. பக்தியாலா? கோயிலும் திருவிழாவும் இருந்தால் கூலிக்காரன் ஓடமாட்டான் என்ற கணக்கு அது. திருவிழாச் செலவுக்குச் சம்பளத்திலேயே பிடித்தம். சாதி வாரியாகத் தனித் தனிச் சாமியும் இருந்ததாம். அத்தனையும் தெரிந்துதான் மாமியார் கும்பிடுகிறார். "தொர எதுக்குக் குடுத்தாலும், அழறதுக்கு எங்களுக்கு ஒரு எடம் கெடச்சிச்சிலா" என்கிறார்.

எங்கள் தாமானில் ஒரு தாத்தா இருக்கிறார், உங்கள் கட்சி. 1954-இல் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அப்பாவின் தோளில் உட்கார்ந்து கூட்டம் பார்த்தவர். திருநீறு பூசமாட்டார், தீபாராதனைக்குத் தலை குனியமாட்டார். ஆனால் கோயில் கமிட்டியில் பல வருஷமாகப் பொருளாளர் அவர்தான்! சாமி கும்பிடுகிறவர்கள் கையில் உண்டியலைக் கொடுக்கப் பயந்து இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு டியூஷனும் எழவு வீட்டுக்கு நாற்காலியும் அங்கிருந்துதான் போகிறது, அதைத் திருடனிடம் விடச் சொல்கிறாயா என்றார்.

சின்னக் கொழுந்தனார் வழி வேறு. குடித்தே வேலையை இழந்தவர். யாரும் வாசலில் ஏற்றாத காலத்தில் ஒரு பாஸ்டர் தினம் காலையில் வந்து பசியாறக் கூட்டிப் போயிருக்கிறார். இப்போது குடியில்லை, ஞாயிறு தவறாமல் சபை. மாமியார் முதலில் ஒப்பாரி வைத்தாராம். இப்போது தீபாவளி முறுக்கில் அவர் பங்கைத் தனி டின்னில் எடுத்து வைக்கிறார்.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாசலில் சிவப்பு மாடத்தில், இந்த மண்ணைக் காக்கிற டத்தோ சாமியை வைத்திருக்கிறார். டத்தோ மலாய்க்காரராம், ஆகவே பன்றிக்கறி படைக்கக் கூடாது. அதே பாட்டி பேரன் பிழைத்ததற்காக ஈப்போ கல்லுமலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறார். எது சரியான சாமி என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

உங்கள் மருமகன் பள்ளியில் ருக்குன் நெகாரா சொல்கிறான். 1970-இல் வந்த தேசியக் கோட்பாடு, அதில் முதல் வரியே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். பள்ளிப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று பேனாவோடு நின்றேன். என் வீட்டுக்காரர் "இந்துன்னு போடு, கியூ நிக்குது" என்றார். போட்டேன். இப்படியும் ஒருவனுக்கு மதம் வந்து சேருகிறது.

அண்ணே, கோபப்படாமல் படியுங்கள். இவர்களில் ஒருவரும் வாதம் பண்ணி ஒரு முடிவுக்கு வந்தவர்கள் இல்லை. இக்கட்டில் ஒரு ஆள் பக்கத்தில் வந்து நின்றார், அவர் கும்பிட்டதோ கும்பிடாததோ இவர்களோடு ஒட்டிக்கொண்டது. நீங்களும் அப்படித்தானே? அப்பா தவறிப்போன வருஷம் பீஸ் கட்டி உங்களை ஹாஸ்டலில் சேர்த்த தமிழ் வாத்தியார் கறுப்புச் சட்டைக்காரர். அவர் திருநீறு பூசியிருந்தால் இன்று நீங்கள் தேவாரம் பாடிக்கொண்டிருப்பீர்கள் என்று அம்மாவே சொல்லும். புத்தகமெல்லாம் அதற்கப்புறம் படித்ததுதான்.

என் கதைக்கு வருகிறேன். பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிற்காமல் போனது, உங்களுக்கு அப்போது சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நடையில் மாமியார் மூன்று நாள் தரையில் படுத்துக்கிடந்து எனக்காக வேண்டிக்கொண்டார். காப்பாற்றியது டாக்டர்களும் ரத்தம் கொடுத்தவர்களும்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவர் வேண்டுதலைத் தீர்க்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரதமிருந்து எடுத்தேன். பாதி வழியில் உறுமி முழங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அது பக்தியா, வெயிலா, ஊர் ஞாபகமா என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்றும் இருந்தது. அடுத்த வருஷமும் எடுப்பேனா என்றால், மாமியாருக்கு நடக்க முடியாவிட்டால் எடுப்பேன்.

தாத்தாவுக்குப் பெரியாரின் சின்னப் புத்தகங்கள் கொஞ்சம் வேண்டுமாம், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள். அம்மா காலைப் பற்றி மறக்காமல் எழுதுங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை